கற்றுக்குட்டி யாருமில்லாத சங்கம்

கணபதி,
14-8-1999

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி தம்பிதுரை அவர்களுக்கு, ஐயாசாமி கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நான் சௌக்கியம். தங்கள் சம்பந்தியம்மா சாமியாத்தாளும் சௌக்கியமாகத்தான் இருக்க வேண்டும். மூன்று வாரமாக என்னோடு பேசுவதில்லை என்பதால் உறுதியாக எழுத முடியவில்லை. அவிநாசியில் மழை உண்டா, தங்கள் வீட்டம்மாவின் முழங்கால் வலி தேவலையா என்று அறிய ஆவல். எழுத வந்த விஷயம் மிகவும் சின்னது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருளவும்.

தங்கள் மகனும் எங்கள் மாப்பிள்ளையுமான கிருபாசங்கர் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதில் தங்களைவிட அதிகம் பெருமைப்பட்டவன் நான். கோமளாவைக் கட்டிக் கொடுத்த இந்த இரண்டு வருடத்தில் எங்கள் பம்ப்செட் உற்பத்தியாளர் சங்கத்தில் அவர் பெயரைச் சொல்லாமல் நான் எழுந்து பேசியதே இல்லை. சங்கத்துக்கு நான் ஒன்பது வருடமாகச் செயலாளர். இந்த வருடம் தொலைபேசி இலாகாவில் எழுதிக் கேட்டு, இருபத்துநாலு மணி நேரமும் இண்டர்நெட் வருகிற தனி லைன் ஒன்று வாங்கினோம். சங்கக் கட்டடத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் ராப்பகலாக ஓடும், அதில் மெம்பர்கள் எல்லாருடைய மோட்டார் படங்களும் இருக்கும், கென்யாவில் உட்கார்ந்திருக்கிறவர்கூட நம்முடைய அரைக்குதிரை மோட்டாரைப் பார்த்து ஆர்டர் போடலாம் என்பது ஏற்பாடு. அந்த மாதிரி ராப்பகலாக ஓடுகிற கம்ப்யூட்டருக்குச் சாதாரணமாக எல்லாரும் வைத்திருப்பது போதாது, லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, உலகத்தில் பலர் கூடி எழுதிப் பொதுவில் விட்டது, யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். பிரித்துப் பார்க்கலாம் என்ற வார்த்தை எங்கள் ஆட்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அதிலேயே பல கம்பெனி, பல தினுசு உண்டாம். மாப்பிள்ளை மூன்று சி.டி.யை கூரியரில் அனுப்பி, ஒவ்வொன்றின் மேலும் தன் கைப்படச் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். முதலாவதில், ‘கற்றுக்குட்டிகளுக்கு ஏற்றது.’ இரண்டாவதில், ‘ஓரளவு பழகியவர்களுக்கு.’ மூன்றாவதில், ‘எல்லாவற்றையும் தானே செய்துகொள்ள வல்லவர்களுக்கு.’ எவ்வளவு தெளிவு பாருங்கள். இதைவிடத் தெளிவாக ஒருவர் எங்களைக் கவிழ்த்திருக்க முடியாது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை.

பொதுக்குழு கூட்டினேன். நாற்பது பேர் வந்திருந்தார்கள். நம்மில் கற்றுக்குட்டி யாராவது உண்டா என்று மேடையிலிருந்து கேட்டேன். ஒருத்தர் கையையும் காணோம். எட்டாங்கிளாஸ் தாண்டாமல் லேத் பிடித்து முதலாளி ஆனவர்கள், சொந்தமாக மோட்டார் டிசைன் போட்டவர்கள், கரண்ட் வந்த காலத்திலேயே கரண்டைத் திட்டியவர்கள். இவர்களில் யார் கை தூக்குவார்? ஃபவுண்டரி வைத்திருக்கும் இஸ்மத் பாய் எழுந்து, அந்த முதல் சி.டி.யை மேஜைமேல் வைத்திருப்பதே சங்கத்துக்கு மரியாதைக் குறைவு என்றார். மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் சபுரா மட்டும், “நான் கத்துக்குட்டிதானுங்க” என்று கை தூக்கினாள். அவள் கருமத்தம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற பொண்ணு. எல்லாரும் சிரித்தோம். அந்த சி.டி.யை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று பெரிய மனதோடு கொடுத்துவிட்டு, மூன்றாவதை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துத் தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தது நான். வழிமொழிந்தது இஸ்மத் பாய். ஒன்பது வருடத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

மறுநாள் காலை பத்தரைக்கு, ராகுகாலம் பார்த்து, சங்கத்தின் பெரிய கம்ப்யூட்டரில் சி.டி.யைப் போட்டேன். துணைக்கு மோட்டார் வைண்டிங் பார்க்கிற கருப்புசாமி. உள்ளே இருக்கிற சமாச்சாரங்களை ஃபிளாப்பியில் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று சபுரா கேட்டாள். நல்ல காரியம் தொடங்கும்போது குறுக்கே பேசாதே என்றேன். சற்று நேரத்தில் திரையில் ஒரு கேள்வி வந்தது. டிஸ்கில் இருக்கிறது எல்லாம் அழிந்துபோகும், சம்மதமா என்று அர்த்தம் என்பதைப் பிற்பாடு சபுரா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு அது என்னவோ அனுமதி கேட்கிற மாதிரி இருந்தது. அத்தனை மரியாதையாகக் கேட்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்லி நமக்குப் பழக்கம் இல்லையே, சம்பந்தி. ஆமாம் என்று அடித்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு மெம்பர்களின் பட்டியல், அதாவது இந்த மாதக் கடைசியில் நடக்கவிருந்த சங்கத் தேர்தலின் ஓட்டர் லிஸ்ட், போயே போய்விட்டது. அது போனதே தெரியாமல் நானும் கருப்புசாமியும் இளநீர் குடித்தோம்.

பிறகு பாஸ்வேர்ட் கேட்டது. அடித்தேன், திரையில் ஒரு எழுத்தும் விழவில்லை, ஒரு புள்ளிகூட இல்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று கருப்புசாமி டெஸ்டரை வைத்துப் பார்த்துச் சொன்னார். பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து இன்னொரு கீபோர்டு வாங்கி மாட்டி அடித்தோம், அதுவும் பேசாமல் இருந்தது. மூன்றாவதும் அப்படியே. பாஸ்வேர்ட் அடித்தால் திரையில் காட்டாமல் இருப்பதுதான் அதன் வழக்கமாம். நாங்கள் எந்தக் கீபோர்டில் எதை எத்தனை தரம் அடித்தோமோ, அது அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுவைத்துக்கொண்டு அதையே பாஸ்வேர்டாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அன்று முதல் எங்கள் கம்ப்யூட்டருக்குள் எங்களால் போக முடியவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி நின்றுகொண்டு நீ யார் என்று கேட்கிறது. நான் செயலாளர் என்று எத்தனை விதமாக அடித்தும் அது நம்பவில்லை.

விஷயம் வெளியே தெரிந்தது. இஸ்மத் பாய்தான் இந்த முறையும் செயலாளர் பதவிக்கு என்னை எதிர்த்து நின்றார். அவர் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பேக்கரி வாசலில் பத்துப் பேர் நடுவே என் தோளில் கை போட்டு, “ஏனுங்க செயலாளரே, ஓட்டர் லிஸ்டத்தான் நீங்க அழிச்சுப்போட்டீங்க, ஓட்டையாவது நாங்க எண்ணிக்கலாமுங்களா” என்று கேட்டார். வீட்டுக்கு வந்த சூட்டில் பெங்களூருக்கு போன் போட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன், சம்பந்தி. “கம்ப்யூட்டர் மாப்பிள்ளைன்னு ஊரெல்லாம் தமுக்கடிச்சனுங்க, அதுக்கு நல்லாச் செஞ்சுபோட்டீங்க” என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் மூன்று ஞாயிறு போய்விட்டது. ஞாயிறு தவறாமல் வருகிற போன் வரவில்லை. நானாகக் கூப்பிட்டால் கோமளா எடுத்து, அவர் வேலையாக இருக்கிறார், அவர் குளிக்கிறார், அவர் வெளியே போயிருக்கிறார் என்கிறாள். மூன்றாம் முறை நான் கேட்கும் முன்பே காரணத்தைச் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாமியாத்தாள் தட்டை என் முன்னால் வைக்கிற சத்தத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறாள்.

இதற்கு நடுவே சபுரா என்ன செய்தாள் தெரியுமா? சர்க்குலர் அடிக்கிற பழைய கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் கிடந்தது. சிரித்துக்கொண்டே நாங்கள் அவளுக்குக் கொடுத்த அந்த முதல் சி.டி.யை அதில் போட்டு, ஒரு மத்தியானத்துக்குள் லினக்ஸை ஏற்றி, லைனை அதில் மாட்டி ஓடவிட்டிருக்கிறாள். எப்படியம்மா செய்தாய் என்று கேட்டேன். “அது கேட்டத முழுசாப் படிச்சுப் பாத்தனுங்க. தெரிஞ்சதுக்குப் பதில் சொன்னனுங்க. தெரியாததுக்கு, அதுவே சொன்னத அப்படியே உட்டுட்டனுங்க” என்றாள். முப்பது வருடம் தொழில் நடத்திய என்னிடம் இந்த மூன்றில் ஒன்றுகூட இருந்ததில்லை.

அத்தோடு நிற்கவில்லை. சந்தா ரசீது புத்தகங்களைப் புரட்டி, ஓட்டர் லிஸ்டை முதலிலிருந்து திரும்ப அடித்தாள். அடித்த கையோடு எல்லாரும் சரிபார்க்கட்டும் என்று, மோட்டார் படங்களோடு அதையும் சங்கத்தின் வெப்சைட்டில் போட்டுவிட்டாள். அழிந்துபோன லிஸ்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இவள் லிஸ்டில் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. மீதிப் பதினாலு பேர் எங்கே என்று கேட்டால், காலமாகிவிட்டார்களாம். அதில் பதினோரு பேர் போன தேர்தலுக்கு முன்பே காலமானவர்கள். போன தேர்தலில் நான் இஸ்மத் பாயை ஜெயித்தது ஏழு ஓட்டில். மகன்களும் மச்சான்களும் அந்தப் பதினோரு பேர் பெயரில் வந்து போட்டுவிட்டுப் போனது எனக்கு அப்போது தெரியாது என்று எழுதப் பார்க்கிறேன், பேனா நகரவில்லை. லிஸ்டை வேண்டுமென்று அழித்தவன் என்று ஊர் பேசியதற்கு எனக்குக் கோபம் வந்ததல்லவா? சபுராவின் லிஸ்டைப் பார்த்த அன்றைக்கு, பழையது அழிந்ததே நல்லது என்று ஒரு கணம் தோன்றியது. அந்த ஒரு கணத்துக்காகவே இந்த முறை நான் நிற்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இஸ்மத் பாய் போட்டியில்லாமல் வந்துவிட்டார். வந்தவுடன் முதல் வேலையாக சபுராவின் மேஜைக்குப் போய், அந்த முதல் சி.டி. தன் சொந்தக்காரர் ஒருவருக்கு வேண்டும் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார். இதுவரை பதினேழு மெம்பர்கள் தங்கள் சொந்தக்காரர்களுக்காக அதை வாங்கிப் போயிருக்கிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள். மாப்பிள்ளை அனுப்பியதில் எந்தக் குற்றமும் இல்லை. எது யாருக்கு என்று எழுதியே அனுப்பினார். அவ்வளவு பெரிய நிபுணரின் சொல்லை மதிக்காமல் போனது என் தப்பு. அவர் கோபம் நியாயம். நான் நேரில் போனால் வார்த்தை வராது. தாங்கள் தகப்பனார் என்ற முறையில் ஒரு கடிதம் போட்டு, மாமனார் வருந்துகிறார், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போகவும் என்று சொன்னால் போதும். வந்தால் பெரிய கம்ப்யூட்டரின் பூட்டையும் அவர் கையாலேயே திறந்துகொடுத்த மாதிரி இருக்கும். அவருக்கு அது ஐந்து நிமிட வேலை.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும். தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் நிற்கவும், அங்கே நாங்கள் கொடுத்த மோட்டார் நிற்காமல் ஓடவும் அவிநாசியப்பனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு சம்பந்தி,
கே. ஐயாசாமி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பெங்களூரிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளையேதான். கோபமே இல்லையாம். நான் திரும்பக் கூப்பிட்டு ஏதாவது சந்தேகம் கேட்டுவிடுவேனோ என்று பயந்து போனை எடுக்காமல் இருந்தாராம். அவர் ஆபீசில் பார்ப்பது ஏதோ பழைய பெரிய மிஷினாம். ரெண்டாயிரம் பிறந்தால் அதற்குத் தேதிக் குழப்பம் வந்துவிடுமென்று இரண்டு வருடமாக அதில் வருடத்தைத் திருத்துவதே வேலையாம். லினக்ஸை அவர் கண்ணால் பார்த்ததே இல்லையாம். சீட்டில் எழுதியதெல்லாம் கல்யாணத்துக்கு முன்பு ரூமில் கூட இருந்த நண்பர் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதியதாம். “மாமா, உங்க சங்கத்துல ஒரு பொண்ணு அந்த லினக்ஸப் போட்டிருக்குதாமா. நான் வாரேனுங்க, அதுகிட்டக் கேட்டு எழுதிக்கிட்டுப் போறனுங்க” என்றார். வருகிற ஞாயிறு கோமளாவோடு வருகிறார். சாமியாத்தாள் இப்போதே கோழிக்குச் சொல்லிவிட்டாள், என்னிடமே சொன்னாள். எனவே மேலே மாப்பிள்ளையைப் பற்றி எழுதிய புகழ்ச்சி, வருத்தம், வேண்டுகோள் அனைத்தையும் அடித்துவிட்டுப் படிக்கவும். தாங்கள் இதைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். கேட்டால், வெட்கத்தில் தங்களுக்கும் மூன்று சி.டி. அனுப்பிவிடுவார்.