பெசரட்டுக்கு விட்டுக்கொடுத்த ஊர்

பெருமதிப்புள்ள மாமா தணிகாசலம் அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் கோவர்த்தனன் தலை வணங்கி எழுதிக்கொண்டது. ஊத்துக்கோட்டையில் தாங்களும் அத்தையும், என் சம்சாரம் அம்சவேணியும், நான் இன்னும் முகம் பார்க்காத என் மகனும் சுகமாக இருக்க ஏழுமலையான் துணை. இவ்விடம் அனைவரும் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். எருமை சுகம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "நீ துன்ன பெசரட்டால ஊரே ஆந்திராவுக்குப் பூட்ச்சி, என் பொண்ணையும் பேரனையும் அன்னிய ராஜ்யத்துக்கு அனுப்பமாட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். போன வாரம் நான் பிள்ளையைப் பார்க்க வந்தபோதும் வாசற்படியிலேயே நிறுத்தி இதையேதான் சொன்னீர்கள். உள்ளே பிள்ளை அழும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள்.

வரதய்யபாளையத்துப் பக்கத்து ஊர்கள் சென்னை ராஜ்யத்திலேயே இருக்கணுமா, ஆந்திராவில் சேரணுமா என்று விசாரிக்க அதிகாரி திருப்பதி வந்தபோது, தமிழர் எல்லைக் கமிட்டித் தலைவர் என்கிற முறையில் எங்கள் ஊருக்கு சாட்சியாக என்னையும் புளி விற்கிற கங்கம்மாளையும் தாங்கள்தான் பொறுக்கி எடுத்தீர்கள். கங்கம்மாளுக்குத் தமிழ் தவிர வேறொன்றும் தெரியாது, அவளைப் பார்த்தாலே அதிகாரிக்கு விளங்கிவிடும் என்றீர்கள். விடிந்ததிலிருந்து ஒரு தெலுங்கு வார்த்தை வாயில் வரக்கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கினீர்கள். நான் அதைக் காப்பாற்றினேன் மாமா, திருப்பதி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காப்பாற்றினேன். இறங்கினதும் எதிரே மங்களகௌரி விலாஸ். சித்தூர், புத்தூர், ரேணிகுண்டா என்று ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிறானே, அதே ஓட்டல்தான். அதன் நல்லதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம். எந்தக் கிளையில் சாப்பிட்டாலும் ஒரே ருசி. சாம்பார் கேட்காமலே வரும். கல் மேஜை, மேலே மின்விசிறி, நீ யார் எவர் என்று ஒருத்தனும் கேட்கமாட்டான். கெட்டது என்னவென்றால், அதே காரணத்தால் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் யார் என்றும் நமக்குத் தெரியாது. அன்றைக்கு எங்கள் எதிரே மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தர் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சர்வர் வந்தான். "இன்னாப்பா இருக்குது?" என்று தமிழில் கேட்டேன். அவன் மூச்சுவிடாமல் தெலுங்கில் ஒப்பித்துவிட்டு நின்றான். சத்தியம் இருக்கிறதே, எனக்கு ஒன்றும் புரியாத மாதிரி முழிச்சிக்கினு இருந்தேன். அவன் பக்கத்து மேஜைக்குப் போய்விட்டான். மறுபடி வந்தான், மறுபடி முழித்தேன். சுத்துப்பட்ட மேஜையிலெல்லாம் ஆவி பறக்குது, கங்கம்மா விடியறதுக்கு முன்னாடியே பொறப்பட்ட பொம்பளை, அவளால தாங்க முடியலை. "ஒரேய் நாயனா, இக்கட ரா. நாலு பெசரட்லு பட்டுகுரா, அல்லம் பச்சடி எக்குவ வெய்யி" என்று ஓட்டல் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கூவல் கூவினாள். பச்சைப்பயறு தோசை நாலு, இஞ்சிச் சட்டினி கூட வை என்று சர்வருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் ஒன்றும் புரியலை. "ஏம்மா, உனக்குத் தெலுங்கு தெரியாதுன்னாங்களே" என்று காதோடு கேட்டேன். "நாயுடுபேட்டை சந்தையில எத்தினி வருசமா புளி விக்கிறேன், தமிழ்ல கூவினா எவன் வாங்குவான்?" என்றாள். தாங்கள் அவளிடம் அதைக் கேட்கவேயில்லையாம்.

எதிரே இருந்தவர் சிரித்தார். எந்த ஊர் என்று தெலுங்கில் விசாரித்தார். அதற்குள் பெசரட்டு வந்துவிட்டது மாமா. ஓரம் மொறுமொறுன்னு, நடுவுல மெத்துன்னு, வெங்காயமும் பச்சை மொளகாயும் தூவி, வாயில வச்சா கண்ணு தன்னால மூடிக்குது. அந்த நேரத்துல மனுசன் எந்த பாசையில பேசறான்னு அவனுக்கே தெரியாது. "இப்படி ஒரு பெசரட்டு கெடைச்சா எந்த ராஜ்யமா இருந்தா இன்னா சாமி" என்று நான் சொன்னது தெலுங்கில்தான் என்று கங்கம்மாள் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்னும் ரெண்டு கொண்டுவரச் சொன்னதும் தெலுங்கிலாம்.

அப்புறம் விசாரணை நடக்கிற பங்களாவுக்குப் போனோம். எங்களைக் கூப்பிட்டதும் உள்ளே போய்க் கும்பிட்டு, தாங்கள் பாடம் சொல்லி அனுப்பினபடியே, "ஐயா, எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாதுங்க" என்று ஆரம்பித்தேன். சொல்லிவிட்டு நிமிர்ந்தால், அதிகாரிக்குப் பக்கத்தில் பேனாவும் கையுமாக அந்த மூக்குக்கண்ணாடிக்காரர். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கங்கம்மாளைப் பார்த்து மெதுவாக, "பெசரட்டு எட்லுந்தம்மா?" என்று ருசியை விசாரித்தார்.

"சால பாகுந்தி நாயனா" என்று தெலுங்கிலேயே மெச்சினாள் அந்த மகராசி.

அதிகாரியே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குமேல் நான் என்ன சாட்சி சொன்னேன் என்பது எனக்கு ஞாபகமில்லை.

இப்போது நம்ம பிர்க்கா, சுத்துப்பட்டு ஊர்கள் மொத்தமும், ஆந்திராவுக்கு என்று பேப்பரில் வந்துவிட்டது. ஊரில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் ரொம்ப சங்கடமாக இருக்கிறது. டீக்கடைக்கு நான் போனால் பேச்சை நிறுத்திவிட்டு இடம் விடுகிறார்கள். நாளைக்கு ஒரு வழக்கு வம்பு என்றால் சித்தூருக்கு ஓடவேண்டும், பிள்ளை தெலுங்குப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கவேண்டும் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள். படிக்கட்டும் மாமா, முதலில் அவன் இங்கே வரட்டும். தொட்டிலுக்குக் கொக்கி அடித்து வைத்திருக்கிறேன், வெறும் கயிறு தொங்கிக்கினு இருக்குது, ராத்திரியில அதைப் பார்த்துக்கினே படுத்திருக்கிறேன். நாக்குக்கு அடிமையாகி ஊரைத் தொலைத்த பாவி நான்தான். மங்களகௌரி விலாஸின் எந்தக் கிளையையும் இனி இந்த ஜன்மத்தில் மிதிப்பதில்லை. பெரியமனசு பண்ணி அம்சவேணியையும் பிள்ளையையும் அனுப்பி வையுங்கள். எல்லைக்கோடு போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும், ஊத்துக்கோட்டை பஸ் வழக்கம்போல வந்துகொண்டுதான் இருக்கிறது.

அத்தைக்கு என் நமஸ்காரம். அம்சவேணிக்கு என் அன்பு. பிள்ளையின் காதில், உன் நைனா பேர் கோவர்த்தனன் என்று யாராவது ஒருதரம் சொல்லி வைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்த்திருக்கும்
கோவர்த்தனன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுகிற நேரத்தில் பக்கத்து ஊர் உமாபதி வந்தார். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் சாட்சி சொன்னது அவரும் அவர் ஊர்க்காரர்களும்தானாம். தங்கள் உத்தரவுப்படி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய், சுத்தத் தமிழில் மணிக்கணக்காகப் பேசினார்களாம். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, எழுந்து நின்று கும்பிட்டு அனுப்பினாராம். அவர்கள் ஊரும் ஆந்திராதான். பட்டினி கிடந்தவனும் ஆந்திரா, துன்னவனும் ஆந்திரா. ஆகவே மேலே கேட்ட மன்னிப்பையும், ஓட்டலை மிதிப்பதில்லை என்று செய்த சத்தியத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து என் பெண்டாட்டி பிள்ளையை அழைத்துப் போகிறேன். வருத்தம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். கை கழுவ எழுந்தபோது அந்த சர்வர் நெய் வழியும் பாதாம் அல்வாவைச் சூடாக இலையில் கொண்டுவந்து நீட்டினான். ஊருடைய எதிர்காலத்தை நினைத்து வேண்டாமென்று சொல்லிவிட்டேன், மாமா.