அப்பா இறக்காத செவ்வாய்க்கிழமை

ரகிட்னித்சா,
அக்டோபர் 17, வியாழன்

அன்புள்ள ஸ்லாவிட்சா அக்காவுக்கு,

தம்பி வுகாஷின் எழுதுவது. நான் நலம். அப்பாவும் நலம், இந்த இரண்டாவதைச் சற்று அழுத்தமாகப் படிக்கவும். லின்ஸில் நீயும் அத்தானும் குழந்தைகளும் நலமென்று நம்புகிறேன். நீ அனுப்பிய மலர்வளையம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. ‘வர இயலவில்லை, மன்னிக்கவும்’ என்ற அட்டையும் இருந்தது. அப்பாவே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்று போனில் சொன்னேன். அதற்குமேல் நீ அழுத அழுகையில் ஒன்றும் காதில் விழுந்திருக்காது. ஆகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தப்பின் வேர் அப்பாதான். அம்மா போனபோது, ஊர் வழக்கப்படி, ஒரே கல்லில் இரண்டு பேர் முகத்தையும் செதுக்க வைத்து, தன் பெயருக்குக் கீழே பிறந்த வருடத்தைப் போட்டு, ஒரு கோடு போட்டு, மிச்சத்தைக் காலியாக விட்டார் அல்லவா, அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘கல்லுல செய்யலாம்னா காகிதத்துல ஏன் கூடாது? உங்ககிட்ட விட்டா கண்ணை மூடின போட்டோவாப் பாத்துப் போடுவீங்க’ என்று, தன் சாவு நோட்டீஸைத் தானே எழுதி, நல்ல போட்டோ ஒன்றையும் சேர்த்து, போன வருடமே அச்சகத்து கவ்ரிலோவிடம் கொடுத்துவிட்டார். எனக்குத் தெரியாது. இந்த நகராட்சியின் இருபத்து மூன்று கிராமங்களில் எந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் போகிறது, ஒன்பது கிராமங்களில் ஏன் மீட்டர் முள்ளே அசைவதில்லை என்பதெல்லாம் தெரியும். சொந்த அப்பா செய்தது தெரியாது. கவ்ரிலோவோ, நாற்பதாம் நாள், ஆறு மாதம், ஆண்டு நினைவு என்று யாருக்கு எப்போது நோட்டீஸ் ஒட்ட வேண்டுமென்ற கணக்கு குழம்பி, ‘தம்பி, இருக்கிறவனைவிடப் போனவன்தான் எனக்கு வாடிக்கை, ஒரு வழி பண்ணிக் குடுடா’ என்று கெஞ்சினார். இந்த மாதம் ஏழாம் தேதி, இரண்டு மணி நேரத்தில் ஒரு கணினி நிரல் எழுதிக் கொடுத்தேன். தினமும் காலையில் அன்றைக்கு உரிய நோட்டீஸ் தானாக அச்சாகும். அருமையான நிரல். இறந்த தேதி காலியாக இருந்தால் இன்றைய தேதியை எடுத்துக்கொள் என்று ஒரு வரி அதில் இருந்தது. இறக்காதவர்களும் நோட்டீஸ் கொடுத்து வைப்பார்கள் என்று எந்தப் பொறியியல் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை.

அக்டோபர் எட்டு, செவ்வாய்க்கிழமை. நான் மேல்கிராமத்தில் பம்பு பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே சிக்னல் கிடையாது. கவ்ரிலோ வழக்கம்போல் படிக்காமலே பசை வாளியும் காகிதக் கட்டுமாகக் காரில் கிளம்பி, மின்கம்பம், பேருந்து நிலையம், ரொட்டிக் கடைக் கதவு, நம் தெரு முனை வரை ஒட்டித் தள்ளிவிட்டார். பக்கத்து வீட்டு ஸ்தானா அம்மாள் முதலில் பார்த்திருக்கிறார். உனக்குப் போனில் சொல்லிவிட்டு, ஓடி வந்து நம் வாசல் கதவில் கறுப்புத் துணியைக் கட்டி, ஓவென்று அழ ஆரம்பித்தார். அப்பா கொல்லையிலிருந்து விறகுக் கூடையோடு வந்தாராம்.

“யாரு போனது ஸ்தானா?”

“நீங்கதான் அண்ணே!”

“எப்போ?”

“இன்னிக்குத்தான். கம்பத்துல போட்டிருக்கே!”

“அப்படியா? சரி, உள்ள வா, காபி போடுறேன்.”

அந்த அம்மாள் மயங்கி விழுந்ததில், இரண்டாவதாக வந்தவர்கள் அவரைத்தான் பிணம் என்று நினைத்தார்கள். நான் ஐந்து மணிக்குத் திரும்பியபோது தெருவே அடைத்துக் கிடந்தது. வண்டியை நிறுத்த இடமில்லை. அவித்த கோதுமை, மெழுகுவத்தி, பிளம் சாராயம், பொரித்த மீன் என்று ஆளாளுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். கொண்டு வந்ததைத் திருப்பி எடுத்துப் போனால் வீட்டுக்கு ஆகாதென்று ஒருவரும் நகரவில்லை. செத்தவர் பெயரில் குடிக்கும்போது கோப்பையோடு கோப்பை முட்டக்கூடாதே, இங்கே முட்டலாமா கூடாதா என்று அரை மணி நேரம் சண்டை. “முட்டாதீங்க, முறைன்னா முறை” என்று அப்பாவே தீர்ப்புச் சொன்னார்.

“போட்டோவுல நீ நல்லாத்தான் இருக்கே ராடிசாவ், ஆளுதான் மோசம்” என்றார் ஒரு கிழவர்.

“உன் போட்டோவையும் குடுத்து வையி. என் மகன் மெஷினு ஆளு நேரம் பாக்காது.”

கவ்ரிலோ மட்டும் என்னைப் பார்த்ததும் பசை வாளியைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, ரெண்டு மணி நேரத்துல முடிச்சப்பவே நெனச்சேன்” என்றார். அடிக்கலாம் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

எண்ணிப் பார்த்தேன். அறுபத்து மூன்று பேர். அம்மாவுக்குப் பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். அந்த வீட்டுக்குள் இரண்டு வருடமாக என்னையும் ஸ்தானாவையும் தவிர வேறு யாரும் காலெடுத்து வைத்ததில்லை, அக்கா.

இனி நீ காத்திருந்த விஷயம். இன்னொரு குளிர்காலத்தை அந்த விறகடுப்பு வீட்டில் கழிக்க அவர் இதயம் தாங்காதென்று மருத்துவர் சொன்னது உனக்குத் தெரியும். அவர் உன்னிடம் வந்தால்தான் நானும் நவம்பர் ஒன்றாம் தேதி லின்ஸில் வேலையில் சேர முடியும். ஒரு வருடமாக நாம் இருவரும் கெஞ்சியும் அசையாத மனிதர், அன்று கடைசி ஆள் போன பிறகு அடுப்பைப் பார்த்தபடி, “வர வேண்டியவங்க எல்லாம் வந்துட்டாங்கடா. இனி யாருக்காக உக்காந்திருக்கணும்? போகலாம்” என்றார். மறுநாளே டிக்கெட் எடுத்துவிட்டேன். இருபத்தேழாம் தேதி ஞாயிறு காலை லின்ஸ் பேருந்து நிலையத்தில் இறங்குவோம். மாடி அறை வேண்டாம், கீழ் அறையைத் தயார் செய். அவருக்குத் தடித்த போர்வை வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகளின் தலையில் என் சார்பாகக் கை வை. எல்லோரையும் கடவுள் நெடுநாள் வைத்திருக்கட்டும். நெடுநாள் என்பதை அவரவர் நோட்டீஸில் சரியாக நிரப்பட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி
வுகாஷின்

பி.கு.: வெள்ளிக்கிழமை. உறை ஒட்டும்போது பார்த்தால் அப்பா ஆட்டு வியாபாரியோடு விருந்துக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். அன்று விடைபெற்றுப் போன அறுபத்து மூன்று பேரும், வாய்ப் பழக்கத்தில், ‘நாற்பதாம் நாளைக்கு வர்றோம்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். “வர்றேன்னு சொன்னவங்களைப் பூட்டின கதவு முன்னாடி நிறுத்தச் சொல்றியா?” என்கிறார். அப்பா, நாற்பதாம் நாள் செத்தவங்களுக்குப்பா என்றேன். “அதான் தேதி போட்டு ஊரெல்லாம் ஒட்டியாச்சே” என்கிறார். அது முடிந்தாலாவது போகலாமா என்று கேட்டேன். ஆறு மாதம் வருகிறதாம். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். கம்பெனிக்கும் வர இயலாதென்று எழுதிவிட்டேன். அறையை நீ வேறு எதற்காவது வைத்துக்கொள்.

அந்த நாற்பதாம் நாள் நவம்பர் பதினாறு, சனிக்கிழமை வருகிறது. “ஸ்லாவிட்சா வருவாளா?” என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டார். அக்கா, இதற்கு வா. அடுத்த நோட்டீஸைப் பார்த்து நீ வந்தாலும் அவர் வாசலுக்கு வந்து உன்னை உள்ளே கூப்பிட மாட்டார்.