பொரி மடித்த இரண்டாம் பக்கம்

இரண்டு கவிதைத் தொகுப்பு போட்டுவிட்டேன். தலை பாதி நரைத்துவிட்டது. மேகமலையில் இறங்கும் மழையைப் பற்றி மேடையேறி உருகிப் பேசுகிறவன் நான். ஆனாலும் சூசைராஜ் என்ற பெயரை யாராவது நல்லவிதமாகச் சொல்லிவிட்டால், இன்றைக்கும் என் அடிவயிற்றில் யாரோ மிளகாய் அரைக்கிறார்கள்.

அப்போது பழனிசெட்டிபட்டியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகைதான் அங்கே பிரதானம். நானும் ஜெயந்தியும் இன்னும் இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் வடிவமைப்போம். செய்ததெல்லாம் மூலையறையில் இருந்த சர்வரில் போய்ச் சேரும். அப்போதே அது கிழடு. மவுஸ் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். யாரும் தொடாமல் விட்டால் திரையில் ஒரு பாம்பு நெளிந்து நெளிந்து ஊரும். (பைண்டிங் சரசக்கா வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பூ வைப்பார். பாம்பு ஒரு நாளும் வேண்டாமென்று சொன்னதில்லை.)

அந்தப் பாம்புக்குப் பூசாரி சூசைராஜ். ராயப்பன்பட்டிக்காரன். ஞாயிறு பூசையில் பாடுகிற குரல், சலவை மடிப்புக் கலையாத சட்டை. எங்களையெல்லாம் "ஏலே" என்று கூப்பிடும் முதலாளி, அவனை மட்டும் "சூசை வந்தாகளா?" என்று விசாரிப்பார். அதையும் தாங்கிக்கொண்டேன். ஜெயந்தி ஒரு நாள் தேநீர் ஆற்றிக்கொண்டே, "சூசையண்ணன் கெட்டிக்காரரு" என்றாள். அண்ணன் என்றுதான் சொன்னாள். அதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை. அந்த 'கெட்டிக்காரரு' எனக்கு வேண்டும். ஒரே ஒரு தடவை, அவள் வாயால்.

வாய்ப்பு வந்தது. அந்தச் சர்வரில் கோப்புக்குப் பெயர் வைக்க எட்டு எழுத்துதான் அனுமதி.

"எட்டெழுத்துக்குள்ள எது யார் வீட்டுக் கல்யாணம்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?" என்று ஜெயந்தி அலுத்துக்கொண்டாள்.

"அதுக்குத் தனியா ஒரு மாட்யூல் ஏத்தணும். பழைய மிஷினு, மெமரி தாங்காது. வேணாம்மா" என்றான் சூசை.

அவன் வேண்டாமென்றது என் காதில் தேனாக விழுந்தது. மாட்யூல் என்றால் ஓடுகிற ரயிலில் புதிதாக ஒரு பெட்டியைக் கோப்பது மாதிரி. சர்வருக்கு ஒரு புதிய வித்தையைக் கற்றுக்கொடுக்கும் சின்ன நிரல். ஞாயிற்றுக்கிழமை ஆண்டிபட்டி கணவாய் தாண்டி மதுரைக்குப் போய், ஒரு பிரவுசிங் சென்டரில் செய்முறையை இரண்டு பக்கமாக அச்செடுத்து வந்தேன். ஆயுத பூஜையன்று காலையில், சூசை பேருந்தில் வந்துகொண்டிருந்த நேரம் பார்த்து மூலையறைக்குள் நுழைந்தேன். முதல் பக்கத்தில் சொன்னபடி தட்டினேன். பாம்பு ஒரு கணம் திகைத்து, பிறகு ஊர்ந்தது. காமயகவுண்டன்பட்டி திராட்சைத் தோட்டத்து மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகைக்கு ஊர் பேர் மாதம் எல்லாம் சேர்த்து நீளமாக, மிக நீளமாக, ஒரு பெயர் வைத்தேன். ஏற்றுக்கொண்டது! முதல் பக்கத்திலேயே வேலை முடிந்தபிறகு இரண்டாம் பக்கம் எதற்கு?

மாலை பூஜை முடிந்ததும் அந்தப் பக்கத்தில் பொரியும் பொட்டுக்கடலையும் மடித்து ஜெயந்தியிடம் நீட்டினேன். (அதைக் காதல் கடிதம் என்று நான் நினைத்துக்கொண்டேன். பின்னால் பார்த்தால், கடிதத்தைவிட முக்கியமான விஷயம் அதில் இருந்திருக்கிறது.) "நீளப் பேரு பாத்தேன்" என்று சிரித்தாள். கெட்டிக்காரரு என்று வாயைத் திறக்கப்போன நேரத்தில் சரசக்கா சுண்டலோடு வந்துவிட்டார்.

வழக்கப்படி சர்வரை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஓய்வு கொடுத்தோம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அது தூங்கும்.

மறுநாள் விஜயதசமி. சர்வரைப் போட்டால் பாம்பு வந்தது, பத்திரிகைகள் வரவில்லை. அத்தனை வேலையும் இருந்த பகுதி திறக்கவே மறுத்தது. எதிரே திராட்சைத் தோட்டக்காரர் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்தாக வேண்டும். சித்தப்பா பெயர் பெரியப்பாவுக்கு மேலே ஏறிவிட்டதென்று மூன்று தடவை சண்டை போட்டு, பங்காளிகள் சமாதானமாகி வந்த பத்திரிகை அது.

"என்னப்பா, பத்திரிகை எங்கன?"

"இங்கனதாங்கய்யா இருக்கு. வந்துரும்."

"நேத்தும் இங்கனதான் இருந்துச்சுன்னாக. மறுபடி பேரு கோக்கணும்னா எங்க பெரியப்பா மணவறைக்கே வரமாட்டாக, பாத்துக்க."

அணைத்தேன், போட்டேன். அணைத்தேன், போட்டேன். பாம்பைக் கும்பிட்டேன். அப்போது சூசை வந்தான். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கவிஞரே, என்ன ஏத்துனீக?"

"நானா? ஒண்ணும் ஏத்தலையே."

"அப்ப பேரு தானா நீண்டுச்சா? எதப் பாத்து ஏத்துனீகளோ அத எடுங்க."

சட்டைப் பையிலிருந்து முதல் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். "ரெண்டு பக்கம்னு போட்டிருக்கே. இன்னொண்ணு எங்க?"

நான் ஜெயந்தியைப் பார்த்தேன். ஜெயந்தி தன் கைப்பையைத் திறந்தாள். மிச்சப் பொரியை உள்ளங்கையில் கொட்டிவிட்டு, தாளை விரித்துப் படித்தாள்.

"அணைச்சுப் போட்டா இந்த மாட்யூல மிஷினு மறந்துருமாம்ணே. அது இல்லாம டிஸ்க்கும் தொறக்காதாம். ஆரம்பத்துல ஓடுற ஃபைல்ல ஒரு வரி எழுதி வைக்கணுமாம்." என் பக்கம் திரும்பினாள். "தடிச்ச எழுத்துலதான் போட்டிருக்கு."

சூசை மாட்யூலை ஏற்றினான், டிஸ்கைத் திறந்தான், அந்த ஒரு வரியை எழுதினான். இரண்டே நிமிஷம். பெரியப்பா மேலே, சித்தப்பா கீழே. குடும்பம் முழுசாகத் திரையில் வந்து நின்றது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏலே, என்ன கூட்டம்?"

"ஒண்ணுமில்ல முதலாளி. ஒரு நாள் தூங்குச்சுல்ல, முழிக்கச் சுணங்கிருச்சு" என்றான் சூசை. என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை! திட்டியிருந்தால் பிழைத்துப்போயிருப்பேன். பெருந்தன்மையிலும் அவனே முந்திக்கொண்டதை எங்கே போய்ச் சொல்ல?

இதற்குப் பிறகும் ஜெயந்தி என்னைத்தான் கட்டிக்கொண்டாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பொரி நல்லாருந்துச்சு" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். எந்தப் பொட்டலத்தையும் நான் இரண்டு பக்கமும் படித்துக் காட்டிவிட்டுத்தான் தின்ன வேண்டும். போன ஆயுத பூஜைக்கு அப்படித்தான் பொரித்தாளைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். மகளுக்கே பாவமாகிவிட்டது.

"அம்மா, இந்த வருசமாவது அப்பாவக் கெட்டிக்காரருன்னு சொல்லேன்."

ஜெயந்தி கடலையை மென்றுகொண்டே நெடுநேரம் யோசித்தாள்.

"உங்கப்பா ரொம்ப நல்லவரு" என்றாள்.

உள்ளே மிளகாய் அரைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.