செவலையின் தலையில் உப்பு டிரம்

ஒரு பாசஞ்சர் ரயிலை நான் நிறுத்தியிருக்கிறேன். சங்கிலியைப் பிடித்து இழுத்து அல்ல, மாட்டுக்கு உப்பு கொடுத்து. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் என் வயதைப் பார்த்துவிட்டு ஒரு மாதிரியாகத் தலையாட்டுவார்கள். ஆகவே ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. கடலூர் மாட்டாஸ்பத்திரியில் உதவியாளனாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மருந்து கலக்குவது, மாட்டின் காலைக் கட்டுவது, மாடு உதைக்கும்போது டாக்டருக்கு முன்னால் நிற்பது, இவைதான் வேலை. ஆனால் மேல்பட்டாம்பாக்கத்தில் என் அக்கா ஜைனம்பு வீட்டுக்குப் போனால் தெருக்காரர்கள் "மாட்டு டாக்டர் வந்துட்டாரு" என்பார்கள். நான் மறுத்ததில்லை. (டாக்டர் காதில் விழாத தூரம் என்பதால்.)

பயிற்சிக் காலத்தில் ஒரு வெளிநாட்டு விவசாயப் பத்திரிகை என் கையில் கிடைத்திருந்தது. அதில் ஒரு படம். இடுப்புயரக் கம்பத்தின் மேல் ஓர் இரும்பு டிரம். அதன் ஒரு பக்கம் வாய் மாதிரி திறப்பு. அந்தப் பக்கமே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தகர வால். உள்ளே உப்பு. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் வாலைத் தள்ளி டிரம்மைத் திருப்பிவிடும். வாய் எப்போதும் காற்றுக்கு மறுபக்கம் இருக்கும். சாரல் உள்ளே போகாது, உப்பு கரையாது. மாடு வேண்டும்போது வந்து நக்கிவிட்டுப் போகும்.

எனக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. வண்டி இழுக்கிற மாட்டுக்கு வேர்வையில் உப்பு போய்விடும் என்று பாடத்தில் படித்திருந்தேன். நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியில் வைத்த உப்பு கரைந்து ஓடுவதைக் கண்ணால் பார்த்திருந்தேன். இந்த இரண்டுக்கும் ஒரே மருந்து என் சட்டைப் பையில் நாலாக மடித்து இருந்தது. தென்னாற்காடு ஜில்லாவின் மாடுகள் அத்தனையும் எனக்காகக் காத்திருப்பதாகவே நினைத்தேன்.

மஞ்சக்குப்பத்தில் தகரவேலை செய்யும் அந்தோணி அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். பழைய தார் டிரம் ஒன்றைப் பாதியாக வெட்டி, வாய் திறந்து, விளிம்பை மடக்கி, கதவு அகலத்துக்கு ஒரு தகர வாலை ரிவிட் அடித்துக் கொடுத்தார். கம்பத்தின் முளையில் டிரம் உட்கார்ந்து சுற்ற வேண்டும்.

"தம்பி, மேல கழண்டு வராம ஒரு ஆணி அடிச்சுடுறேன்."

"வேணாம்ணே. உப்பு போட, கழுவ, எடுக்க வசதியா இருக்கட்டும்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். ஆணியைத் திரும்ப டப்பாவில் போட்டார்.

பஸ்ஸின் தலையில் டிரம்மை ஏற்றும்போது கண்டக்டர் கேட்டார். "உள்ள என்னாய்யா இருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணும் இல்லாததுக்கா இம்மாம் பெரிய வாலு?"

அக்கா வீட்டுக்காரர் காதர் மச்சான் கரும்பு விவசாயி. அதிகம் பேச மாட்டார். காரி, செவலை என்று அவருக்கு ஒரு ஜோடி வண்டி மாடு. அதிலும் செவலை அவருடைய உயிர். கொம்பு இரண்டும் மேல்நோக்கி விரிந்து, பார்க்கவே கம்பீரமாக இருக்கும். நான் போய் இறங்கிய அன்று அவருக்குச் சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்திருந்தது. மறுநாள் காலையில் கரும்பு நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்த முறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வெட்டின கரும்பு காய்ந்து விறகாகிவிடும்.

"நாளைக்கு வண்டி கட்டணும் மாப்ளே. மாட்டை வச்சி வெளையாடாத" என்றார் மச்சான்.

"வெளையாட்டு இல்ல மச்சான். விஞ்ஞானம்."

அவர் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அக்காதான் டிரம்மைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏன்டா சலீமு, உப்பு வேணும்னா தவிட்டுல ஒரு பிடி போட்டா முடிஞ்சிது. அதுக்கு எதுக்குடா இந்தக் காத்தாடி?"

இந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் கிடையாது. அன்றைக்கு, "ஒனக்குப் புரியாதுக்கா" என்றேன்.

கொல்லையில் கம்பத்தை நட்டு, டிரம்மை மாட்டி, கல்லுப்பைக் கொட்டினேன். மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. காற்றும் கூடவே வந்தது. டிரம் மெதுவாகத் திரும்பிக் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றது. காற்று திசை மாறியது, டிரம்மும் மாறியது. நான் குடை கூட இல்லாமல் நின்று ரசித்தேன். அக்காவை இழுத்து வந்து உள்ளே கையை விடச் சொன்னேன். உப்பு பொரிகடலை மாதிரி காய்ந்து கிடந்தது. "பரவால்லியே" என்றாள். என் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றி அந்த ஒரு சொல். அது ஒரு அரை மணி நேரம் நீடித்தது.

மழை விட்டதும் மாடுகளை அவிழ்த்துவிட்டேன். காரி வந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. (புத்திசாலி.) செவலை நக்கியது. இன்னும் ஒரு நக்கு. ருசி பிடித்துவிட்டது. முன்னால் இருந்த உப்பு தீர்ந்ததும், பின்னால் இருப்பதை எட்டத் தலையைச் சாய்த்து ஒரு கொம்பை உள்ளே விட்டது. அப்புறம் மறு கொம்பையும் விட்டது. "பாத்தியாக்கா, எவ்ளோ ஆசையா தின்னுது!" என்று நான் கூவிய அதே நேரத்தில் ஒரு பெருங்காற்று அடித்தது.

டிரம் தன் கடமையைச் செய்தது. திரும்பியது. உள்ளே இருந்த தலையையும் சேர்த்துத் திருப்பப் பார்த்தது. செவலை மிரண்டு தலையைத் தூக்கியது. மேலே ஆணி இல்லாத டிரம், நான் கேட்ட வசதிப்படியே, முளையிலிருந்து அழகாகக் கழன்று வந்தது.

கண் தெரியாத மாடு ஒன்று, தலைக்குப் பதில் டிரம்மும் நெற்றியில் தகர வாலுமாக, உள்ளே இருந்து அலறிக்கொண்டு ஓடினால் எப்படி இருக்கும் என்று நான் விவரிக்கப் போவதில்லை. வேலியை உடைத்தது. வாழை இரண்டை மிதித்தது. நான் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் அக்கா ஓடிவந்தாள். கொல்லைக்கு அந்தண்டை ஒரு கரும்பு வயல். வயலைத் தாண்டினால் ரயில் பாதை.

செவலை பாதை மேட்டில் ஏறியது. ஜல்லியில் கால் சறுக்கி முன்னங்கால் மடிந்து விழுந்தது. விழுந்த வேகத்தில் தகர வால் தண்டவாளத்துக்கு அடியில், ஜல்லி இல்லாத ஒரு சந்தில், போய்ச் செருகிக்கொண்டது. மாடு இழுத்துப் பார்த்தது. வரவில்லை. தலை தரையோடு மாட்டிக்கொண்டு, வயிறு ஏறி இறங்க, அப்படியே கிடந்தது.

வயலில் இருந்து மச்சான் ஓடிவந்தார். என்னைப் பார்க்கவில்லை, மாட்டைத்தான் பார்த்தார். பிறகு பாதையின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தார்.

"நாலு மணி வண்டி இன்னும் போவல" என்றார்.

இதைச் சொல்லி முடிக்கவும் பண்ருட்டிப் பக்கமிருந்து கூவல் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

ரயில்வே கேட்டில் காவலுக்கு இருந்த கோவிந்தசாமி எங்களைப் பார்த்துவிட்டார். சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு ரயிலை நோக்கி ஓட ஆரம்பித்தார். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். அவ்வளவு வேகமாக ஓடக்கூடியவர் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மச்சான் தகர வாலைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. அந்தோணி அண்ணன் ரிவிட்டை அப்படி அடித்திருந்தார். நான் கொம்பையாவது வெளியே எடுப்போம் என்று வலது கையை டிரம்முக்குள் விட்டேன். விளிம்புக்கும் கொம்புக்கும் நடுவில் கை நுழைந்தது. செவலை தலையை ஆட்டியது. அவ்வளவுதான், மணிக்கட்டு இறுகிவிட்டது.

ஜல்லி லேசாக அதிர ஆரம்பித்தது. முட்டியில் தெரிந்தது.

"சலீமு, வுட்டுட்டு எழுந்திருடா! நீயாவது நவுரு!" என்று மச்சான் கத்தினார். பக்கத்து வயலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். "தம்பி, மாடு போனா போவுது, வந்துடு!" என்று அவர்களும் கத்தினார்கள்.

நான் நகரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பல வருடங்கள் ஊர் அதைத் தியாகம் என்றே பேசியது. மாட்டை விட்டு வராத வீரன் என்றது. என் கை மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன் என்பதும், பயத்தில் சத்தம் வரவில்லை என்பதும் இப்போதுதான் முதல்முறையாக எழுத்தில் வருகிறது.

உண்மையான வீரம் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. அக்கா தண்டவாளத்துக்கு நடுவில் மண்டியிட்டு, டிரம்மின் மேல் வாயை வைத்து, "செவல, செவலம்மா, ஒண்ணுமில்லடா, ஆடாத" என்று பேசிக்கொண்டே இருந்தாள். அவள் கையோ காலோ எங்கேயும் மாட்டியிருக்கவில்லை. எந்த நிமிஷமும் எழுந்து போயிருக்கலாம். மச்சான் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டாள். உடனே அவரும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் ஒருத்தன் செய்த வேலைக்கு, என் அக்கா குடும்பம் முழுவதும் ரயிலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நான் ரயிலைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கலிமா சொன்னேன். அதிலும் பாதியில் வரி தவறியது.

இரும்பு இரும்பில் உரசும் கிறீச் சத்தம் ஒன்று நீண்டு நீண்டு வந்தது. அப்புறம் நீராவி சீறும் சத்தம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது இன்ஜின் ஒரு பனைமர நீளத்தில் நின்றிருந்தது. அதற்கு முன்னால் கோவிந்தசாமி கொடியோடு தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இன்ஜின் டிரைவர் இறங்கி வந்தார். முகமெல்லாம் கரி. எங்களையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னாது இது?"

"உப்புத் தொட்டிங்க. மழையில உப்பு கரையாம..."

"யாரு செஞ்சது?"

"நாந்தாங்க."

தகர வாலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "கெட்டியா செஞ்சிருக்கியே, பாவி" என்றார். அந்தத் தொட்டிக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

இன்ஜினிலிருந்து உளியும் சுத்தியலும் வந்தன. கொம்புக்கும் தகரத்துக்கும் நடுவில் அக்கா தன் முந்தானையைத் திணித்தாள். டிரைவர் விளிம்பை மூன்று இடத்தில் வெட்டி வெளிப்பக்கம் மடக்கினார். ஒவ்வோர் அடிக்கும் மாடு தலையை ஆட்டியது, கூடவே என் கையும் ஆடியது. அதற்குள் ரயிலில் இருந்த அத்தனை பேரும் இறங்கி வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். "விளக்கெண்ணெய் ஊத்துங்க" என்றார் ஒருவர். "கையை வெட்டிட்டா மாட்டைக் காப்பாத்திடலாம்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. யார் என்று இன்றுவரை தெரியாது.

ரயிலின் கார்டு வந்து தன் நோட்டைத் திறந்தார். "பேரு?" சொன்னேன். "உத்தியோகம்?"

"கால்நடை உதவியாளர்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு மாட்டைப் பார்த்தார். "உதவி?" என்றார்.

முதலில் என் கை வந்தது. அப்புறம் செவலையின் தலை வந்தது. ஒரு கொம்பின் அடியில் தோல் உரிந்து ரத்தம். கண்ணெல்லாம் உப்பு. எழுந்து நின்று, ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்து, என் பக்கம் திரும்பியது. முட்டப்போகிறது என்று நான் கண்ணை மூடினேன். அது என் வலது கையை முழங்கை வரைக்கும் நிதானமாக நக்கியது. ஒரு உப்புக் கல் விடவில்லை.

கூட்டம் சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் செவலை மூன்று வாளித் தண்ணீர் குடித்தது. நான் காயத்தைக் கழுவி மருந்து போட்டேன். அதற்கு நுகத்தடி வைக்க முடியாது என்பதால் மச்சான் வேறொரு வீட்டு மாட்டைக் கேட்டு வாங்கி, காரியோடு கட்டி, காலையில் கரும்பு ஏற்றினார். நான் கூப்பிடாமலே போய், ஆலை வரைக்கும் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே நடந்தேன். ஆலை வாசலில் அவர், "அந்தப் படத்தைக் குடு" என்றார்.

கொடுத்தேன். விரித்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"மாப்ளே, இந்த மாட்டுக்கெல்லாம் கொம்பு எங்க?"

வாங்கிப் பார்த்தேன். ஆறு மாடுகள். ஒன்றுக்கும் கொம்பு இல்லை. ஒரு வருடமாக அந்தப் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன், டிரம்மைப் பார்த்திருக்கிறேன், வாலைப் பார்த்திருக்கிறேன், பின்னால் இருந்த மலையைக்கூடப் பார்த்திருக்கிறேன். மாட்டைப் பார்க்கவில்லை.

செய்தி எனக்கு முன்பே கடலூர் போய்ச் சேர்ந்திருந்தது. டாக்டர் திட்டவில்லை. மேலே எழுதினார். பதினைந்தே நாளில் கிள்ளைக்கு மாற்றல் வந்தது. உத்தரவைக் கையில் கொடுக்கும்போது, "அங்க மாடெல்லாம் உப்பங்கழி ஓரத்துலதான் மேயுது. புல்லுலயே உப்பு ஜாஸ்தி. நீ ஒண்ணும் குடுக்க வேணாம், சும்மா இருந்தா போதும்" என்றார்.

கிள்ளையில் இருந்தபோதுதான் சிதம்பரத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் மாமா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க பட்டாம்பாக்கத்துல ரயிலை நிறுத்தின தம்பிதானே? நான் அந்த வண்டியிலதான் வந்தேன்" என்றார். அன்று தொடங்கியது. பாசஞ்சர் வண்டியில் எவ்வளவு பேர் ஏற முடியும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பின்னாளில் நான் சந்தித்தவர்களில் பாதிப் பேர் அதில் வந்ததாகச் சொன்னார்கள். பரங்கிப்பேட்டை மீன் வியாபாரி, சிதம்பரம் தபால்காரர், என் பையனின் கணக்கு வாத்தியார், எல்லோரும் அதில் இருந்திருக்கிறார்கள்.

என் மனைவி நூர்ஜகான் மட்டும் அதில் இல்லை. அன்று அவள் சிதம்பரத்தில் அம்மை போட்டுப் படுத்திருந்தாள். அவளே ஒரு தடவை வாய்தவறிச் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் வீட்டுக்குப் புது மருமகன் வந்தால், புது சம்பந்தி வந்தால், சாப்பாடு முடிந்ததும் கதையை எடுப்பது அவள்தான். கூவல் சத்தம், பிரேக் சத்தம், மாடு அலறுவது எல்லாம் உண்டு. எங்கள் கல்யாணத்தின்போது ஏழு பெட்டியாக இருந்த ரயில் இப்போது பதினாறு பெட்டியாகிவிட்டது. ஒரு மந்திரியும் ஏறிவிட்டார்.

போன மாதம் நான் பொறுக்க முடியாமல், "ஏழு பெட்டிதான் நூரு. மந்திரியெல்லாம் யாரும் வரல" என்றேன்.

அவள் கையமர்த்தினாள். "நீங்க கண்ணை மூடிக்கிட்டு இல்ல உக்காந்திருந்தீங்க? ஒங்களுக்கு என்னா தெரியும்? பாத்துக்கிட்டு இருந்தவங்க நாங்க சொல்றோம்."