மூன்று தலைப் பூதமும் முறை தவறாத கமிட்டியும்

"பிள்ளைகளுக்கு ஆகாதுன்னு எழுதியாச்சு. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, டீச்சர்" என்றார் தலைமையாசிரியர் தேவபிரசாதம்.

"விளையாட்டை யாரு சார் பார்த்தது?" என்று கேட்டாள் ஜெபசெல்வி.

அதுதான் வினையாகிப் போனது.

அது 1979. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் கழித்துப்போட்ட வீடியோ விளையாட்டுப் பெட்டியை ஆறுமுகநயினார் அண்ணாச்சி ஏலத்தில் எடுத்து, மிஷன் பள்ளிக்கூடத்துக்கு எதிரே தன் சர்பத் கடையில் நிறுத்தியிருந்தார். பீரோ உயரம். கண்ணாடிக்குள் ஒரு வீரன் வாளோடு நடப்பான், மூன்று தலைப் பூதம் நெருப்பு ஊதும். கீழே ஒரு கைப்பிடி, பக்கத்தில் ஐம்பது பைசா போட ஒரு துவாரம். பூதம் என்றதும் சபைப் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அது ஆகுமா ஆகாதா என்று தெரியும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்றார்கள். விசாரிக்க ஒரு கமிட்டி.

கேள்வி கேட்ட குற்றத்துக்காக ஜெபசெல்வியும் கமிட்டியில் சேர்க்கப்பட்டாள். அவளுடைய அப்பா உப்பளத்துக் கூலி. அந்தத் தெருவிலேயே முதல் பி.எஸ்ஸி. அவள்தான். வேலை தற்காலிகம். ஜூனில் அதை நிரந்தரமாக்குவதும், ஆளை வீட்டுக்கு அனுப்புவதும் தேவபிரசாதத்தின் பேனாவில் இருந்தது. அவரோ நாசரேத் ஊரில் மூன்று தலைமுறை வாத்தியார் குடும்பம். அதைத் தினமும் யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. மூன்றாவது ஆள் ஜவுளிக்கடை ஜேசுபாதம். தேவபிரசாதம் தும்மினாலும் "சரியாச் சொன்னீங்க சார்" என்பவர்.

கமிட்டி மூன்று பேரும் கடைக்கு வந்ததும் அண்ணாச்சி சுவிட்சைத் தட்டினார். பெட்டி கொய்ங் என்றது.

"காசு போடுதீயளா சார்?"

"சபைக் காசு சாத்தான் வாயில விழக் கூடாது" என்றார் தேவபிரசாதம்.

"ஒங்க இஷ்டம்" என்று அண்ணாச்சி சர்பத் கலக்கப் போய்விட்டார்.

மிஷனில் எதற்கும் ஒரு முறை உண்டு. பந்தி என்றால் மூத்தவர் முதலில், ஆபத்து என்றால் இளையவர் முதலில். ஆகவே ஜெபசெல்வி கைப்பிடியைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தாள். வீரன் வலப்பக்கம் போய், முதல் தலை ஊதிய நெருப்பிலேயே சாம்பலானான்.

"நான் இங்கன இழுத்தா அவன் அங்கன போறான் சார்."

"சொன்ன பேச்சு கேக்க வைக்கதுக்கும் ஒரு அதிகாரம் வேணும், டீச்சர்."

அடுத்து ஜேசுபாதம். ஒரு தலை விழுந்தது. இரண்டாவது தலை அவரைச் சுட்டது.

தேவபிரசாதம் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜேசுபாதத்திடம் கொடுத்தார், கண்ணை மூடி ஜெபித்தார், பிறகு பிடித்தார். மூன்று தலையும் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

"மூணு தலைமுறைல்லா சார்!" என்றார் ஜேசுபாதம்.

அத்தோடு போயிருக்கலாம். ஆனால் வாளால் பூதத்தை வெட்டுவது வேதத்துக்கு ஒவ்வுமா என்று தேவபிரசாதத்துக்குச் சந்தேகம் வந்தது. வீரனை விசுவாசியாக்கிவிட்டால் தீர்ந்தது என்று காகிதத்தில் ஒரு சிலுவை வெட்டி, கண்ணாடியில் அவன் நெஞ்சுக்கு நேரே ஜேசுபாதத்தைப் பசை போட்டு ஒட்டச் சொன்னார். வீரன் நகர்ந்து போய்விட்டான். சிலுவை அங்கேயே நின்றது. பூதம் வந்து அதன் கீழ் நிமிர்ந்து நின்றது.

"ஏலே, பூதத்துக்கு ஞானஸ்நானம் ஆயிட்டுலே!" என்று வாசலில் ஒரு குரல்.

பள்ளிக்கூடமே வாசலில்தான் நின்றது. ஜேசுபாதம் ஓடிப்போய், 'பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை' என்று எழுதி ஒட்டினார். உடனே பக்கத்துப் பள்ளிக்கூடமும் வந்து சேர்ந்தது.

சிலுவையைச் சுரண்டினால் ஷாக் அடிக்கும் என்று அண்ணாச்சி சுவிட்சை அணைத்தார். சுரண்டியதில் பசை பாதித் திரைக்குப் பரவியது. மறுபடி சுவிட்ச், மறுபடி அதே முறை. ஜெபசெல்வி சாம்பல். ஜேசுபாதம் ஒரு தலை. தேவபிரசாதம் மூன்று தலை. இன்னொரு சுற்றிலும் அச்சுப் பிசகாமல் அதேதான்.

"இந்தத் தடவை நீங்க முதல்ல பிடிங்க சார்" என்றாள் ஜெபசெல்வி.

"முறைன்னா முறைதான்." தேவபிரசாதத்தின் முகம் பூரித்திருந்தது. முதலில் எழுதிய அறிக்கையைக் கிழித்துவிட்டார். "இதை ஆகாதுன்னு சொல்ல முடியாது. நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆகும். உப்பளத்துப் பிள்ளைகளுக்கு ஆகாது. புத்தி ரத்தத்துல வரணும். நிரூபணம் கண்ணு முன்னாலயே நிக்கே!"

"சரியாச் சொன்னீங்க சார்" என்றார் ஜேசுபாதம்.

ஜெபசெல்விக்குக் காது மடல் சுட்டது. வாசலில் நின்ற பிள்ளைகளில் பாதி உப்பளத்துப் பிள்ளைகள், அவள் பாடம் நடத்தும் வகுப்பு.

"நான் தோத்தா நான் தோத்தேன்னு எழுதுங்க. அதுங்க தலையில எழுதாதீங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாட்டா ஜூன்ல வீட்டுல இருங்க. ஒரு பூதத்தை அடக்கத் தெரியாத கை, நாப்பது பிள்ளைகளை எப்படி அடக்கும்?" புதுக் காகிதத்தில் தேவபிரசாதம் அழுத்தி எழுதி முடித்தார். "அண்ணாச்சி, இங்கன வாரும்! நாங்க மூணு பேரும் ஆடினதுக்கு நீர்தான் சாட்சி. ஒரு கையெழுத்துப் போடும்."

அண்ணாச்சி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். காகிதத்தைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார்.

"எங்கன சார் ஆடினீய? காசு விழுத வரைக்கும் பொட்டி தானாத்தான் ஆடிக் காட்டும். நீங்க விழாம நிக்கதுக்குல்லா அதைப் பிடிச்சிருக்கீயன்னு நெனச்சேன்!"