அமெரிக்காக்காரன் பார்த்துக் கட்டிய வீடு

கல்வெட்டில் ‘அமெரிக்கா’ என்ற சொல்லை எத்தனை அங்குல உயரத்தில் வெட்டுவது என்பதுதான் அன்று காலைப் பிரச்சினை.

“மூணு போதும் மொதலாளி. அதுக்கு மேல போனா உங்க தாத்தா பேரு சின்னதாத் தெரியும்” என்றார் கொத்தனார் கருத்தப்பாண்டி.

ராஜரத்தினம் செத்த நேரம் யோசித்தார். பங்களாவைக் கட்டியவர் தாத்தாதான். ஆனால் தாத்தாவை ராஜபாளையத்தைத் தாண்டி யாருக்குத் தெரியும்?

“நாலு வையி. தாத்தா கோவிச்சுக்கிட மாட்டாரு.”

ராஜரத்தினத்துக்குச் செட்டியார்பட்டி ரோட்டில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் இருந்தது. உலகத்தில் எங்காவது யாருக்காவது காயம் பட்டுக்கொண்டே இருந்ததால் அவருக்கு ஒரு குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. நெட்டையாக ஒன்று, குட்டையாக ஒன்று என்று இரண்டு கோபுரமும், மாடிப்படிக்கு வட்டச் சன்னலும் வைத்துத் தாத்தா கட்டிய பங்களாவை, அறுபது வருஷமாக ஊர் ‘பேண்டேஜ்காரர் வீடு’ என்றுதான் சொல்லிவந்தது.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1987 ஆவணியில் அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் மனைவி தங்கபாயின் அண்ணன் மகன் பொன்னுராஜ். பொங்கலுக்கு ஊருக்கு வந்து போனவன். படச்சுருள் இப்போதுதான் தீர்ந்து, கழுவி எடுக்க முடிந்தது என்று சொல்லி ஆறு படங்கள் வைத்திருந்தான். ‘இதில் ஒரு மாளிகை இருக்கிறது. இங்கே ஒரு பூங்காவில் சவாரிக்காகக் கட்டியது. வண்டியில் உட்கார வைத்து உள்ளே சுற்றிக் காட்டுகிறார்கள். பார்த்ததும் மாமா வீட்டு ஞாபகம்தான் வந்தது.’ சவாரியின் பெயரை மட்டும் இங்கிலீஷில் எழுதியிருந்தான்.

ஆறு படங்களில் மூன்றில் பொன்னுராஜே இருந்தான். ஒன்றில் கார். ஒன்றில் வெள்ளைத் தூண் வைத்த பெரிய கட்டடம்; ஏதோ தபால் ஆபீஸ் போல என்று ஒதுக்கிவைத்தார் ராஜரத்தினம். ஆறாவது படத்தை எடுத்ததும் ராஜரத்தினத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேகம் கவிந்த வானம். அதற்குக் கீழே நெட்டை ஒன்று, குட்டை ஒன்று, நடுவே வட்டச் சன்னல்.

திங்கட்கிழமை, “நம்ம வீட்டைப் பாத்துக் கட்டியிருக்கலாம்” என்றார். புதன்கிழமை, “பாத்துத்தான் கட்டியிருப்பான்” என்றார். வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரமும் கிடைத்துவிட்டது. தாத்தா காலத்தில் மில்லுக்கு மிஷின் மாட்ட வந்த வெள்ளைக்காரன் ஒருத்தன், மழைக்கு இந்தப் போர்டிகோவில் ஒதுங்கி நின்றானாம்.

“மழைக்கு ஒதுங்குனவன் வீட்டையா பாப்பான்? மழை விட்டுச்சான்னுல பாப்பான்” என்றாள் தங்கபாய்.

“ஒனக்கு என்னட்டி தெரியும்? அவன் இஞ்சினீயரு.”

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மகள் ஜெயபாய் இரண்டு வரனை வேண்டாமென்று சொல்லி, மூன்றாவதாக வந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பையனுக்குத்தான் முதல் தடவையாகத் தலையாட்டியிருந்தாள். பையனின் அப்பா வைகுண்டராஜுக்கு இரும்புக் கடை. மாதக் கடைசி வெள்ளியன்று தாம்பூலம் மாற்ற வருகிறார்கள். வருகிறவர் வாசலிலேயே கல்வெட்டைப் படித்துவிட்டால், மற்றதை வாயால் சொல்ல வேண்டியதில்லையே.

கல்வெட்டைத் திறக்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சம்பத்குமார் வந்தார். இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் படிக்காமல் பேசமாட்டார். கடிதத்தை வாங்கி மேடையிலேயே ஒரு முறை படித்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“இந்த மாதிரி சவாரி மாளிகையெல்லாம் எந்த நிஜ வீட்டைப் பார்த்துக் கட்டினதுன்னு அமெரிக்காவிலே பெரிய ஆராய்ச்சியே நடக்கறது. ஒருத்தர் இந்த ஊர் வீடும்பார், இன்னொருத்தர் அந்த ஊர் வீடும்பார். பழைய வீடு வச்சிருக்கிறவா அத்தனை பேரும் எங்க வீடுதான்னு சொல்லிக்கறா. நம்ம ராஜரத்தினமும் அந்த வரிசையிலே சேர்ந்துட்டார்.”

பலத்த கைதட்டல். ராஜரத்தினம் எழுந்து கும்பிட்டார்.

“இன்னொரு விசேஷம். சவாரியோட பேருக்கு அர்த்தம், பேய் குடியிருக்கிற மாளிகை. உள்ளே நூத்துக்கணக்கிலே பேயாம். ரொம்ப தத்ரூபமா இருக்குமாம்.”

தட்டிய கைகள் அப்படியே நின்றன. ராஜரத்தினம் கும்பிட்ட கையை இறக்க மறந்துபோனார்.

மறுநாள் டவுன் பஸ் கண்டக்டர், “பேய் பங்களா எறங்கு” என்றார். அறுபது வருஷமாக அந்த வீட்டுக்குக் கிடைக்காத பெயர் ஒரே ராத்திரியில் கிடைத்துவிட்டது. பால்காரர் பாலைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு மணியடித்தார். தறிக்கூடத்தில் நூல் அறுந்தால்கூட முதலாளி வீட்டுப் பக்கம் பார்த்துத்தான் முடிச்சுப் போட்டார்கள்.

“கல்லைப் பேத்து எடுத்துருய்யா” என்றார் ராஜரத்தினம்.

கருத்தப்பாண்டி பெயர்க்கும்போது கல் நழுவி இரண்டாகப் போனது. சாயங்காலத்துக்குள், நாலு அங்குல அமெரிக்காவைப் பேய் தள்ளி உடைத்துவிட்டதாக ஆலங்குளம் வரைக்கும் சேதி போய்ச் சேர்ந்தது.

ராஜரத்தினம் அடுத்த நாளே ஐயரை வரவழைத்துக் கணபதி ஹோமம் நடத்தினார். வீடு சுத்தம் என்று ஊருக்குக் காட்ட வேண்டும். ஈர விறகு. புகை மாடிப்படி வழியாக ஏறி, இரண்டு கோபுரத்திலிருந்தும் கரும்புகையாக வெளியே வந்தது. ரோட்டில் போன பஸ் நின்று, பிரயாணிகள் எட்டிப் பார்த்தார்கள்.

“அந்தா போவுது பாரு. ஒண்ணு இல்ல, ரெண்டு” என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானம் வைகுண்டராஜ் போனில் வந்தார்.

“அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க வீட்லதான் செத்த பயப்படுதாவ. பேய் வீட்டுப் பொண்ணுன்னு நாளைக்கு நாலு பேரு சொல்லிரக் கூடாதுல்லா? வெள்ளிக்கிழமை வாரோம். அந்தப் படத்தையும் வீட்டையும் அவிய ஒரு தடவ பாத்துக்கிடட்டும். பொறவு பேசுவோம்.”

ராஜரத்தினம் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். ஜெயபாய் நின்றுகொண்டிருந்தாள். தாம்பூலத்துக்கு எடுத்துவைத்த பட்டுச் சேலையைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் வைத்தாள்.

ராஜரத்தினம், கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த அமெரிக்காப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கருத்தப்பாண்டியிடம் கொடுத்தார்.

“இதுல இருக்குறது எதுவும் நம்ம வீட்ல இருக்கக் கூடாது.”

“கோபுரத்தையா சொல்லுதிய?”

“ரெண்டையும்.”

கருத்தப்பாண்டி படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறினார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து குரல் கொடுத்தார்.

“மொதலாளி, படத்துல நெட்டைக் கோபுரம் இடது கைப் பக்கம் இருக்கு. நம்ம வீட்ல வலது கைப் பக்கம்லா?”

“அமெரிக்காவுல காரே வலது பக்கம்தாம்யா ஓடுது. அவன் எல்லாத்தையும் மாத்தித்தான் வைப்பான். நீ இடி.”

“ஒரு தென்னை மரம் தெரியுதே?”

“அங்கயும் தென்னை உண்டும். நம்ம மரத்தை வெட்டிரு.”

புதன்கிழமை நெட்டை போனது. வியாழன் காலையில் குட்டை போனது. மத்தியானம் வட்டச் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். மாடிப்படியில் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியதாயிற்று. ஏறும்போது தங்கபாய் ஒரு படி தடுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பேயி நெசமாவே குடியிருந்தாக்கூட இம்புட்டுச் சேதம் பண்ணியிருக்காது” என்றாள்.

சாயங்காலம் ராஜரத்தினம் முற்றத்தில் செங்கல் குவியலுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து வீட்டைப் பார்த்தார். பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி மாதிரி இருந்தது. தாத்தா எதைப் பார்த்து இந்தக் கோபுரங்களைக் கட்டினார் என்று முதல் தடவையாக யோசித்தார். மதுரையில் எதையாவது பார்த்திருப்பாரா, கொழும்புக்குப் போனபோது பார்த்திருப்பாரா, இல்லை, எதையும் பார்க்காமல் அவராகவே நினைத்துக் கட்டியதா? தாத்தா இருந்த வரைக்கும் யாரும் கேட்கவில்லை. அமெரிக்காக்காரன் எதைப் பார்த்தான் என்று ஒரு வாரமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவருக்கு, சொந்தத் தாத்தா எதைப் பார்த்தார் என்று தெரியவில்லை. அவருக்கு என்னவோ போல் இருந்தது. எழுந்து நாற்காலியை உள்ளே எடுத்துப் போனார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வைகுண்டராஜின் கார் வீட்டைத் தாண்டிப் போய்விட்டு, திரும்பி வந்து நின்றது.

“பங்களான்னு தேடிக்கிட்டே போயிட்டோம் அண்ணாச்சி” என்றார் வைகுண்டராஜ்.

அவர் மனைவி பரிபூரணம் காப்பியைக்கூடத் தொடவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்துடன் வாசலுக்குப் போனாள். படத்தைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று மறுபடியும் இரண்டையும் பார்த்தாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஜெயபாயின் வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது.

“ஏங்க, இங்க வாங்க” என்று பரிபூரணம் புருஷனைக் கூப்பிட்டாள். “ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்லியே! இதைப் போயா அந்தப் பேய் பங்களாங்கானுவ? ஊர்க்காரனுவ வாய் இருக்கே!”

“நான் அப்பவே சொன்னேன்லா?” என்றார் வைகுண்டராஜ். சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. யாரும் மறுக்கவும் இல்லை.

“எங்களுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது மதினி” என்றார் ராஜரத்தினம். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் இரண்டு கோபுரமும் ஒரு தென்னையும் கொடுத்திருந்தார்.

அரை மணி நேரத்தில் தாம்பூலத் தட்டு மாறியது. ஜெயபாய் வந்து விழுந்து கும்பிட்டாள். எழும்போது அப்பாவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். போனது போகட்டும் என்று ராஜரத்தினத்துக்குத் தோன்றியது. வைகுண்டராஜ் கல்யாண மண்டபத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்; பரிபூரணம் ஆறிப்போன காப்பியை ருசித்துக் குடித்தாள்.

அவள் நாற்காலியில் வைத்திருந்த படம் காற்றில் பறந்து முற்றத்தில் விழுந்தது. அங்கே செங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள் சீனியம்மாள். பங்களாவின் பின்சுவரை ஒட்டிய தெருவிலிருந்து வந்து இருபது வருஷமாக வாசல் பெருக்குகிறவள், கூடத்துக்குள் வந்ததில்லை. சுண்ணாம்புக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் படத்தை எடுத்தாள். ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“குடு, குடு, அது அமெரிக்கா” என்று கையை நீட்டிக்கொண்டே இறங்கி வந்தார் ராஜரத்தினம்.

சீனியம்மாள் சிரித்துவிட்டாள். “அமெரிக்காவா! பொங்கலுக்கு வந்த பொன்னுராஜ் தம்பி எங்க வீட்டு வாசல்ல நின்னு எடுத்ததுல்லா இது. எங்க தெருவுல இருந்து பாத்தா உங்க வீடு இப்படித்தான் மொதலாளி இருந்துச்சு.”