ஆறு மடங்கு போதும்

நவம்பர் ஒன்பதாம் தேதி. இன்று எனக்கு எழுபத்தாறு வயது, நான்கு மாதம், பதினொரு நாள்.

துப்பாக்கி சுடும் சங்கத்தின் செயலாளரும், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே என் தம்பியுமானவனுக்கு அக்கா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அந்த நலத்தோடு ஆளுக்கொரு காரியம் செய்துதான் என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

உன் கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் என் குண்டுகளெல்லாம் இலக்கைத் தாண்டி மண்மேட்டில் புதைந்ததால், முதியோர் அணியில் என் இடத்தைப் பல் மருத்துவருக்குக் கொடுக்கலாமென்றும், நான் மறுத்தால் இரண்டு கண்களுக்கும் மருத்துவச் சான்று பெற்று வந்து மறுபடி சுட்டுக் காட்ட வேண்டுமென்றும் எழுதியிருக்கிறாய். கடைசியில் 'அன்புடன்' என்றும் இருந்தது. அதைத் தட்டச்சுப் பிழையாக எடுத்துக்கொண்டேன்.

நடந்ததைக் கேள். துளை வழியாகக் குறிபார்க்கும் பழைய முறையில் கரும்புள்ளி பஞ்சுபோலக் கலையத் தொடங்கியதும், என் வயதினருக்கு விதி அனுமதிக்கும் தொலைநோக்கியொன்றைத் துப்பாக்கியில் பூட்டிக்கொள்ளலாமென்று, இரண்டாம் மாடியிலிருக்கும் அந்தத் தொலைநோக்கிக் கடைக்குப் போனேன். விற்பனையாளர் எடுத்த எடுப்பிலேயே தடித்த குழாய் ஒன்றை நீட்டினார். "இருபத்துநாலு மடங்கு பெரிசாக் காட்டும்மா. ஒரு கிலோமீட்டர் தள்ளி நிக்கிறவர் சட்டைப் பொத்தானை எண்ணலாம்." "நான் சுடறது அம்பது மீட்டர்ல இருக்கிற அட்டையை. அதுக்குப் பொத்தான் கிடையாது" என்றேன். "சும்மா பாருங்கம்மா, பாக்கறதுக்குக் காசா பணமா?"

பார்த்தேன், அன்றைய பிற்பகல் அதோடு போயிற்று. எங்கோ ஒரு மொட்டைமாடியில் வெள்ளைச் சட்டையொன்று காற்றை உள்ளிழுத்து வெளிவிட்டுக் காய்ந்துகொண்டிருந்தது, ஆளில்லாமலே உயிரோடிருக்கப் பழகிவிட்டதுபோல. ஒரு புறா திரும்பியது. அதன் கழுத்தில் பச்சை ஊதாவாகி, ஊதா பச்சையாயிற்று. வெயிலில் காற்று உருகி நெளிய, கட்டடங்களெல்லாம் தெளிந்த நீருக்கடியில் நின்றன. தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த ஒருவன் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தான், சத்தமேயில்லாமல். வில்லைகளுக்கு அந்தப் பக்கம் உலகத்துக்குச் சத்தம் கிடையாது. யாரும் யாரையும் எதற்கும் கூப்பிடுவதில்லை. குறுக்குக்கோடு மட்டும் மெல்லத் துள்ளிக்கொண்டிருந்தது. எது அசைகிறதென்று நெடுநேரம் யோசித்தேன். என் நாடி. இருபத்துநாலு மடங்கில் சொந்த இதயமே குறியைக் கெடுத்துவிடுகிறது. குழாயை இறக்கியபோது விற்பனையாளர் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார்.

"இதைவிடக் குறைஞ்சது இருக்கா?"

"எல்லாரும் கூடத்தாம்மா கேப்பாங்க."

ஆறு மடங்கு போதுமென்று தீர்மானித்தேன். தலை சற்று அசைந்தாலும் கோடு இலக்கின்மேல் நகராதபடி, ஐம்பது மீட்டருக்கென்றே அமைத்ததாகப் பார்த்து வாங்கினேன். வெள்ளிக்கிழமை களத்தில் திருகுகளை ஒவ்வொரு சொடுக்காகத் திருப்பிக் குண்டு நடுப்புள்ளியில் விழும்படி செய்துவிட்டு, தொலைநோக்கியை மட்டும் அதன் பிடியோடு கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் சம்பந்தி வந்தார். பால்கனியில் நின்று அதை வாங்கி நிலாவைப் பார்த்தவர், "இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டுமே" என்று மேல்திருகைத் திருப்பினார். மகன், "எனக்கு மங்கலாத் தெரியுதே" என்று கண்ணருகே இருந்த வளையத்தைத் திருப்பினான். மருமகளை உனக்குத் தெரியும். அறுவைக்கூடத்தில் மயக்கமருந்து கொடுப்பவள், எந்தக் கருவியையும் அணைக்காமல் நகரமாட்டாள். "துடைச்சுப் பெட்டியில வச்சுட்டேன் அத்தை. எல்லாத் திருகையும் சைபருக்குக் கொண்டுவந்துட்டேன். எங்க தியேட்டர்ல மெஷினை அப்படியே விட்டுட்டு வந்தா ஆளையே கொன்னுடும்." நான் சொடுக்குச் சொடுக்காக அமைத்ததையும் சேர்த்துத் துடைத்துவிட்ட இந்த உபகாரத்தை அவள் எனக்குச் சொன்னது ஞாயிறு மாலை. அதற்குள் நான் ஆகாயத்தைச் சுட்டு முடித்திருந்தேன். நீயோ பின்னால் நின்று, "அக்கா, மேகத்துக்கெல்லாம் மார்க் கிடையாது" என்றாய். பல் மருத்துவர் சிரித்தார். அவருடைய பற்கள் நன்றாக இல்லை.

ஆகவே பிழை திருகில், கண்ணிலன்று. வரும் ஞாயிறு எனக்கு மறுதேர்வு வேண்டும். மேடையில் படுத்து, பாதி மூச்சை வெளியே விட்டு, விசையை அழுத்துமுன் ஒரு கணம் எல்லாம் நின்றுவிடுகிறதே, அப்போது நான் யாருக்கும் அம்மாவோ அத்தையோ விதவையோ அல்லேன். அந்தக் கணத்தைப் பல் மருத்துவருக்கு விட்டுக்கொடுக்கும் உத்தேசம் எனக்கில்லை.

உன் மனைவிக்கு என் அன்பு முழுவதும். உனக்கு ஆசிகள், சான்று கேட்ட அளவுக்குக் கழித்துக்கொண்டு.

அக்கா

பி.கு.: சான்று வரும். வலக்கண் வயதுக்கு நன்று என்றும், இடக்கண்ணில் பார்வை இல்லை என்றும் அதில் இருக்கும். ஆறு வயதிலிருந்தே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைத் தவிர யாருக்கும் நான் சொன்னதுமில்லை. இரண்டு கண்ணையும் திறந்துவைத்தே சுடுகிற என் நிதானத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி புதிதாகச் சேருபவர்களுக்கெல்லாம் சொல்கிறாயே, அது நிதானமில்லை. இடக்கண்ணை மூடினாலும் திறந்தாலும் எனக்கு ஒன்றுதான். உனக்கு அப்போது இரண்டு வயது, கையில் பென்சில். சொன்னால் உன்னை அடிப்பார்களே என்று சொல்லவில்லை. பிறகு எனக்கே பழகிப்போயிற்று. அழாதே, செயலாளருக்கு அது அழகில்லை. அன்றைக்கு உன் குறி அப்பழுக்கில்லாமல் இருந்தது. அதற்குப் பிறகு உன்னிடம் அப்படியொரு குறியை நான் பார்க்கவேயில்லை.